ஒரு முழ வளைவு

எங்கள் சிலுவைத்துறையில், கடலில் போய்த் திரும்பாதவர்கள் மழை நாட்களில் கேபிள் வயர் வழியாக வீட்டுக்குள் வர ஆரம்பித்தது லியோன் வாஸ் தன் வீட்டுக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்த வருஷம். அதற்கு முன்னால் அவர்கள் வராமல் இருந்ததற்குக் காரணம் எங்கள் புண்ணியமும் இல்லை, அவர்கள் பாவமும் இல்லை. எங்கள் ஊர் வயர்கள் அவ்வளவு அலங்கோலமாகத் தொங்கிக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். கடற்கரையில் தண்ணீருக்குள் நிற்கிற கடைசிக் கம்பத்தில் தொடங்கி, மாதா தெரு, நடுத்தெரு, கோயில் தெரு என்று கம்பத்துக்குக் கம்பம் தாவி, மாடியில் காயும் சேலைக்கும் கருவாட்டுக்கும் நடுவே புகுந்து, முருங்கைக் கிளையில் ஒரு சுற்றுச் சுற்றி, எது யார் வீட்டுக்குப் போகிறது என்று கேபிள்காரனுக்கே தெரியாதபடி அவை கிடந்தன. எந்த வீட்டுச் சுவரிலும் வயர் நேராக நுழைந்ததில்லை. எல்லாம் வாசலுக்கு வந்ததும் தொய்ந்து, தாழ்ந்து, பிறகுதான் உள்ளே போகும்.

இந்த அலங்கோலத்தைச் சகிக்க முடியாத ஒரே மனிதன் இன்னாசி. எங்கள் ஊரில் கடல் ஒத்துக்கொள்ளாத ஒரே ஆண்பிள்ளையும் அவன்தான்; படகில் கால் வைத்தாலே குடலைப் புரட்டும் என்பதால் வயரிங் வேலை கற்றுக்கொண்டு கரையோடு தங்கிவிட்டான், அதற்காக நாங்கள் அவனைக் கிண்டல் செய்ததற்கு அளவே இல்லை. ஆனால் வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. வெயில் பார்த்த வயர் மூன்று வருஷத்தில் தோல் வெடிக்கும், உப்புக்காற்று பட்ட செம்பு பச்சைப் பொடியாக உதிரும், அதனால் மறைத்து வைத்த வயர்தான் நிலைக்கும் என்பது அவன் வேதம். சன்ஷேடின் அடியோடு ஒட்டி, மழைநீர்க் குழாயின் முதுகுக்குப் பின்னால் இறக்கி, சாணுக்கு ஒரு கிளிப்பு அடித்து, மேலே சுவரின் நிறத்தையே பூசிவிட்டான் என்றால் வயர் எங்கே இருக்கிறது என்று அவனே தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சுவரில் துளை போட்டால் வெளிப்பக்கம் சரிவாகப் போடுவான். இணைப்பு வருகிற இடத்தில் ரப்பர் டேப் சுற்றி, அதன் மேல் கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுத் துண்டுகளை உருக்கி ஊற்றுவான். கடையில் வாங்கும் பசை எங்கள் உப்புக்காற்றுக்கு ஒரு கோடைகூடத் தாங்காது, மாதா காலடி மெழுகு தாங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வளைவு. வயர் துளைக்குள் நுழைவதற்கு முன்னால் ஒரு முழம் கீழே இறங்கி, வளைந்து, பிறகு மேலே ஏறித்தான் நுழைய வேண்டும். மழைத்தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே வரும், வளைவின் அடிக்கு வந்ததும் மேலே ஏறத் தெரியாமல் மண்ணில் சொட்டிவிடும்.

லியோன் வாஸுக்கு அந்த வளைவு பிடிக்கவில்லை. அவர் முப்பது வருஷம் கப்பலில் இருந்துவிட்டு வந்தவர், எல்லாம் நூல் பிடித்தமாதிரி இருக்க வேண்டும். மாதா திருவிழாக் கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, மஞ்சள் பெயிண்ட் காயாத சுவருக்கு முன்னால் நின்று இன்னாசியைக் கூப்பிட்டார்.

“ஏலே இன்னாசி, எல்லாத்தையும் மறைச்சிட்டு இத மட்டும் ஏன்ல ஆட்டு மடி மாதிரி தொங்க விட்டிருக்க?”

“அண்ணாச்சி, வளைவு இல்லன்னா மழைத்தண்ணி வயரப் புடிச்சிக்கிட்டு உள்ள வந்துரும்.”

“வந்தா வரட்டும், நான் தொடச்சிக்கிடுதேன். வீட்டு முன்னால மடி தொங்கப்படாது.”

வீட்டுக்காரர் சொன்ன பிறகு வேலைக்காரனுக்கு என்ன பேச்சு இருக்கிறது. இன்னாசி வளைவை எடுத்துவிட்டு வயரை நேராக, ஒரு தொய்வு இல்லாமல், சன்ஷேடுக்கு அடியில் ஓட்டித் துளைக்குள் விட்டான். எங்கள் ஊரில் கடலில் இருந்து ஒரு வீட்டின் நடுக்கூடம் வரைக்கும் வாசலில் பள்ளம் இல்லாத பாதை ஒன்று உண்டானது அன்றைக்குத்தான்.

ஐப்பசி இரண்டாவது வாரம் முதல் மழை பெய்தது. லியோன் வாஸ் டி.வி.யில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். துளை வழியாகத் தண்ணீர் ஒழுகிச் சுவரில் இறங்குவதைப் பார்த்துத் துண்டை எடுக்கப் போனார், திரும்பி வருவதற்குள் அந்தத் தண்ணீர் தரையில் தேங்கி, தேங்கிய இடத்தில் அவருடைய தம்பி மிக்கேல் நின்றுகொண்டிருந்தான். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கார்த்திகைப் புயலில் சகாய அன்னை என்ற படகோடு போன ஆறு பேரில் ஒருவன் அவன். ஒரு பலகைகூடக் கரை ஒதுங்காததால் ஆறு பெட்டிகளில் ஆறு சட்டைகளை வைத்துப் புதைத்தோம். அந்த மிக்கேல்தான், போகும்போது இருந்த அதே முப்பத்திரண்டு வயதில், தலையில் இருந்து கால்வரை சொட்டச் சொட்ட, டி.வி. வெளிச்சத்தில் நின்றான்.

“சன்னல சாத்துண்ணே, சாரல் அடிக்கி,” என்றான்.

லியோன் வாஸ் எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தினார். மிக்கேல் டீசல் விலை கேட்டான், ஐஸ் கம்பெனி ஓடுகிறதா என்று கேட்டான், அடுப்படியில் இருந்து வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்ற தன் மனைவியின் நரையைப் பார்த்துவிட்டுத் தன் கறுத்த தலையைத் தடவிக்கொண்டான். கடலைப் பற்றி மட்டும் யாரும் கேட்கவும் இல்லை, அவன் சொல்லவும் இல்லை. சாயங்காலம் மழை விட்டது, காலடித் தண்ணீர் ஓரத்தில் இருந்து காய்ந்துகொண்டே வந்தது, கடைசி ஈரம் காய்ந்தபோது அவனும் இல்லை. தரையில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது. மறுநாள் காலை பூசைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பங்குச்சாமியார் அடுத்த மழைக்கு வந்து பார்த்தார், செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார், அந்தத் தீர்த்தத்தின் ஈரத்தில் மிக்கேல் இன்னும் ஒரு கால்மணி நேரம் கூடுதலாக இருந்துவிட்டுப் போனான். சாமியார் அதைப் பற்றிப் பிரசங்கத்தில் ஒன்றும் சொல்லவில்லை, மழை நாளில் கோயில் மின்விசிறிகளைப் போட வேண்டாம் என்று மட்டும் கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியாரிடம் சொல்லிவைத்தார். மின்வாரியத்தில் இருந்து வந்த லைன்மேன் கம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, இது தங்கள் வயர் இல்லை என்று சொல்லிப் போய்விட்டார். கேபிள்காரன் தன் பொறுப்பு படம் தெரிவது மட்டும்தான் என்றான். இப்படி எல்லோரும் கைகழுவிய பிறகு அது எங்கள் விஷயமாகிவிட்டது, எங்கள் விஷயத்தை நாங்கள் பார்த்துக்கொண்டோம்.

ஆளை இழந்த வீட்டார் இன்னாசியைக் கூப்பிட்டு வளைவை எடுக்கச் சொன்னார்கள், இழக்காத வீட்டார் வளைவை இன்னும் ஆழமாகக் கட்டச் சொன்னார்கள், அந்த ஐப்பசியில் அவன் ஏணியை விட்டு இறங்கவே இல்லை. கம்பத்துக்குக் கம்பம் வயர் தொய்கிறதே, அங்கே ஏன் அவர்கள் விழுவதில்லை என்று ஒருவன் கேட்டான். கடலையே தாண்டி வந்தவனுக்குத் தெருவில் உள்ள பள்ளம் ஒரு பொருட்டா, சொந்த வாசலில் இருக்கிற பள்ளத்தில்தான் ஆள் விழுவான் என்று லியோன் வாஸ் சொன்னார், அத்தோடு கேள்வி முடிந்தது. மழைக்கு வந்தவர்களுக்குச் சாப்பாடு வேண்டாம், பாய் வேண்டாம், உட்காரச் சொல்லக் கூடாது, உட்கார்ந்தால் பாயே அவர்களைக் குடித்துவிடும். மின்விசிறி போடக் கூடாது. அவர்களைச் சுற்றி நனைத்த சாக்குகளைப் போட்டு ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் எங்கள் பெண்கள் இரண்டு மழையில் கற்றுக்கொண்டது.

வீடு மாறி வருகிறவர்களுக்கு வேறு முறை. ஏனென்றால் வயர்கள் பின்னிக் கிடந்ததில் அதுவும் நடந்தது. மீன் விற்கும் அமலோற்பவத்தின் ஒரே மகன் ரெமிஜியஸ், பத்தொன்பது வயதில் அதே படகில் போனவன், மூன்று மழைக்கும், லியோன் வாஸைப் பார்த்துத் தானும் அழகுக்காக வளைவை எடுத்திருந்த பக்கத்துவீட்டு ரேஷன்கடைக்காரர் கூடத்தில் வந்து நின்று, அவர் மனைவியைப் பார்த்து வெட்கப்பட்டு, வழி மாறிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தான். அப்படி வருகிறவர்களைக் காயும்வரை காத்திருக்க வைப்பது பாவம். உலர்ந்த துண்டை எடுத்துப் பாதத்தில் இருந்து மேலே துடைத்துவிட வேண்டும், துடைக்கத் துடைக்க அவர்கள் இல்லாமல் போவார்கள், போய் மறுபடி கடற்கரைக் கம்பத்தில் ஏறிச் சரியான வீட்டைத் தேடுவார்கள். இதைச் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லிக்கொடுத்திருந்தோம். எந்த வீடு என்று மரியாதையாகக் கேள், இல்லை என்றால் துடைத்து அனுப்பு.

ஆனால் ரெமிஜியஸ் எத்தனை தடவை ஏறினாலும் அவன் வீட்டுக்குப் போக முடியாது, ஏனென்றால் அமலோற்பவத்தின் வீட்டில் டி.வி. இல்லை, டி.வி. இல்லாத வீட்டுக்கு வயர் ஏது. இதை நினைத்து அவள் ரேஷன்கடைக்காரர் வாசலில் உட்கார்ந்து அழுததைப் பார்த்த இன்னாசி, மறுநாள் தன் சொந்த வயரில் முப்பது மீட்டர் வெட்டி, கம்பத்தில் இருந்து அவள் வீட்டுச் சுவர் வரைக்கும் இழுத்து, துளை போட்டு, உள்ளே ஒரு சாண் நீட்டிவிட்டு இறங்கினான். ஒரு படமும் வராத, ஒரு சத்தமும் வராத, எதிலும் சேராத வெறும் வயர் அது. அடுத்த மழைக்கு மகன் அதில் வந்தான். எங்கள் ஊரில் அதைவிட நல்ல வேலையை யாரும் செய்ததில்லை என்று நாங்கள் இன்றைக்கும் சொல்வோம்.

அந்த இன்னாசியின் வீட்டில்தான் வளைவு அப்படியே இருந்தது.

இதைச் சொல்லத்தான் வேண்டும். படகில் போன ஆறு பேரில் ஆறாவது ஆள் கஸ்பார். நாங்கள் எல்லோரும் கடல் ஆகாதவன் என்று இன்னாசியைக் கேலி செய்தபோது ஒரு தடவைகூடக் கேலி செய்யாதவன், அவனுக்கு இருந்த ஒரே கூட்டாளி. கஸ்பார் போனபோது அவன் மனைவி தெக்கிலாவுக்கு நாலு மாசம். பெண் பிறந்து, ஜெசிந்தா என்று பெயர் வைத்து, அது நடக்கப் பழகிய பிறகு, கஸ்பார் இறந்ததாகவே கொள்ளலாம் என்று ஆயர் இல்லத்தில் இருந்து கடிதம் வாங்கி, பங்குச்சாமியாரே முன்னின்று தெக்கிலாவை இன்னாசிக்குக் கட்டிவைத்தார். பிள்ளை இன்னாசியைத்தான் அப்பா என்றது. ஊர் கூடி யாரும் பேசி முடிவு செய்யவில்லை, ஆனால் கஸ்பாரின் படம் அந்த வீட்டுச் சுவரில் இருந்து இறங்கியது, பிள்ளையின் காதுபட அவன் பெயரை நாங்கள் யாரும் சொல்லாமல் ஆனோம். மறைத்து வைத்தது நிலைக்கும் என்று நாங்களும் நம்பினோம்.

லியோன் வாஸ் வீட்டுக்கு மிக்கேல் வந்த மறுநாள், எல்லோரும் பூசையில் இருந்த நேரம், இன்னாசி தன் வீட்டு ஏணியில் ஏறி ஒரு வளைவுக்கு இரண்டு வளைவாகக் கட்டினான். பூசைக்குப் போகாத நாலு பேர் எங்கேயும் இருப்போம் அல்லவா, பார்த்தோம், பார்க்காத மாதிரி இருந்துவிட்டோம். மழை பெய்யும்போதெல்லாம் மற்ற ஐந்து வீடுகளிலும் மின்விசிறி நிற்கும், இன்னாசி வீட்டில் மட்டும் தெக்கிலா அதை முழு வேகத்தில் சுழல விடுவாள். இன்னாசி வெளிச்சுவரை ஒட்டிப் போட்ட நாற்காலியில், சாரலில் நனைந்தபடி, வளைவின் அடியில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கஸ்பாருக்கு எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் தொண்டையைச் செருமுகிற பழக்கம் உண்டு. ஒவ்வொரு மழையிலும் அந்தச் செருமல் சுவர் மேல் கேட்கும், பிறகு தண்ணீர் மொத்தமாக மண்ணில் விழும் சத்தம் கேட்கும், கொஞ்ச நேரத்தில் மறுபடி செருமல் கேட்கும். இன்னாசி காதைப் பொத்திக்கொள்ள மாட்டான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, எழுந்து போகவும் முடியாமல், ஏணியை எடுக்கவும் முடியாமல், அப்படியே இருப்பான்.

கார்த்திகைப் பிறப்பு அன்று அமலோற்பவம் மீன்கூடையோடு வந்து அவன் ஏணிக்குக் கீழே நின்றாள். அவன் ஒரு வீட்டில் வெடித்த வயரை மாற்றிக்கொண்டிருந்தான்.

“இன்னாசி, எறங்கு. ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லுங்கக்கா, கேக்குது.”

“என் புள்ள சொன்னான். மழைக்கு மழை ஆறு பேரும் ஒண்ணாத்தான் கம்பத்துல ஏறுதாங்களாம். அஞ்சு பேரு அவங்கவங்க வீட்டுக்குப் போயிருதாங்க. கஸ்பாரு ஒன் வீட்டுச் செவரு வரைக்கும் வாரான், வளைவுல விழுந்துருதான். திரும்பக் கடலுக்குள்ள போயி, திரும்ப ஏறி வந்து, திரும்ப விழுதான். ஒரு மழைக்கு எட்டு தடவ, ஒம்பது தடவ. உள்ளங்கையில தோலே இல்லையாம்.”

இன்னாசி கையில் இருந்த கிளிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இப்படிச் செய்யின்னு நான் சொல்ல வரல,” என்றாள் அமலோற்பவம். “என் புள்ளைக்கு வயரு இழுத்துக் குடுத்தவன் நீ. ஒனக்குத் தெரியாம இருக்கப்படாதுல்லா, அதான்.”

அவனுக்குத் தெரியாமலா இருந்தது. ஆனால் தெரிந்த விஷயத்தை இன்னொருவர் வாயால் கேட்பது வேறு. அன்று மதியம் அவன் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது தெக்கிலா அடுப்படியில் சாளை மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா பள்ளிக்கூடம் போயிருந்தாள். தெக்கிலா தலையை நிமிர்த்தாமலே பேசினாள்.

“அமலோற்பவம் அக்கா எங்கிட்டயும் சொல்லிட்டாவ.”

“நீ என்ன சொல்லுத?”

“எனக்காகன்னா அந்த வளைவு அப்படியே கெடக்கட்டும். நான் அவுகள அழுது முடிச்சாச்சு. இன்னொரு தடவ அழ எனக்குத் தெம்பு கெடையாது. அதுக்குத்தான் பேன ஓட விடுதேன், வந்தாலும் சட்டுனு காஞ்சி போயிரட்டும்னு.” மீனைத் திருப்பிப் போட்டாள். “ஆனா ஜெசி அவுக புள்ளயுந்தான. அன்னைக்குப் படகுக்குக் கெளம்பும்போது என் வயித்துல காத வச்சிக் கேட்டுட்டுத்தான் போனாவ. ஒரு தடவ பாத்துட்டுப் போகட்டும்ங்க.”

“அவ என்னத்தான் அப்பான்னு கூப்பிடுதா, தெக்கிலா.”

“தெரியும்.”

“அவனப் பாத்த பெறகு கூப்பிடலன்னா?”

தெக்கிலா அடுத்த மீனை எடுத்து உரசினாள். அவளுக்கும் தெரியாது. இன்னாசி சாப்பிடாமலே எழுந்து வாசலுக்குப் போய் நின்றான். தாலி கட்டிய நாளில் இருந்து அந்த வீட்டில் அவனுக்கு என்று வந்தது அந்த ஒரு வார்த்தைதான். மனைவியே கூட முதலில் இன்னொருவனுக்கு மனைவியாக இருந்தவள், பிள்ளையின் வாயில் இருந்த அப்பா என்ற வார்த்தை மட்டும் வேறு யாரும் வைத்திருந்து அவனுக்குக் கொடுத்தது இல்லை. அதை எடுத்துக் கொடு என்றால் எந்த மனிதனுக்கு மனசு வரும்.

ஆனாலும் சனிக்கிழமை காலை, ஊரே பார்க்க, அவன் ஏணியைச் சாத்தினான். இந்தத் தடவை நாங்கள் பார்க்காத மாதிரி இருக்கவில்லை. லியோன் வாஸ் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். வளைந்தே பழகிய வயர் நிமிர மாட்டேன் என்றது. கிளிப்பு அடித்தால் அடுத்த கிளிப்புக்குள் துள்ளிக்கொண்டு மறுபடி தொங்கியது. மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, தோல் உருகாத தூரத்தில் காட்டி, விரலால் நீவி நீவி, அரை நாள் எடுத்து அதை நிமிர்த்தினான். பிறகு துளையை அடைத்திருந்த மெழுகைச் சுரண்டி எடுத்தான், வயரைச் சன்ஷேடுக்கு அடியில் மறைத்தான், சுவரின் நீல நிறத்தையே அதன் மேல் பூசினான். அவ்வளவு சுத்தமான வேலையை அவன் வேறு யாருக்கும் செய்ததில்லை.

அதற்குப் பிறகு இருபத்தேழு நாள் மழை இல்லை. எங்கள் கரையில் மழை என்பதே அத்தி பூத்த மாதிரி, அந்தக் கார்த்திகை அதுவும் இல்லை. கருவாடு காயப்போட்டவர்கள்கூட வானத்தைப் பார்த்து ஏமாந்தார்கள், ஐந்து வீட்டுப் பெண்கள் உலர்ந்த சாக்குகளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்கள். இன்னாசி அந்த நாட்களில் செய்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஜெசிந்தாவின் பள்ளிக்கூடப் பையை எடுத்துப் பரணில் வைப்பான், ஒற்றைச் செருப்பை ஒளித்து வைப்பான், பென்சில் டப்பாவைத் தன் கருவிப் பைக்குள் போட்டுக்கொண்டு திண்டாட விடுவான், எல்லாம் அவள் வீடு முழுக்கத் தேடிக் களைத்து, “அப்பா, என் பை எங்க? அப்பா, நீங்க பாத்தீங்களா?” என்று கேட்கிறதைக் கேட்பதற்காக. ஒரு நாளைக்கு இருபது தடவை, முப்பது தடவை. தெக்கிலாவுக்கு இது தெரியும், அவளும் ஒளித்த சாமான் எங்கே என்று சொல்ல மாட்டாள்.

மார்கழி நாலாம் தேதி மத்தியானம் வானம் கறுத்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள், ஜெசிந்தா வீட்டுக்கு ஓடி வந்து சேரவும் மழை இறங்கவும் சரியாக இருந்தது. அவள் கூடத்துத் தரையில் குப்புறப் படுத்து வாய்ப்பாடு எழுத ஆரம்பித்தாள். தெக்கிலா எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினாள், நிறுத்திவிட்டு அடுப்படிக்குள் போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். இன்னாசி வெளிநாற்காலிக்குப் போகவில்லை. கூடத்தில், துளைக்கு எதிரே, சுவரில் சாய்ந்து நின்றான்.

சுவருக்கு வெளியே செருமல் கேட்டது. வழக்கமாக அதற்குப் பிறகு தண்ணீர் விழும் சத்தம் வரும், இன்றைக்கு வரவில்லை. துளையில் இருந்து தண்ணீர் உள்சுவரில் இறங்கியது, தரையில் பரவியது, அதில் கஸ்பார் நின்றான். எட்டு வருஷத்தில் இன்னாசிக்கு முன்நெற்றி ஏறிவிட்டது, கஸ்பார் அப்படியே இருந்தான். உள்ளங்கைகளை மட்டும் மூடி வைத்திருந்தான். அவன் இன்னாசியைப் பார்த்தான், அடுப்படிக் கதவைப் பார்த்தான், பிறகு தரையில் குப்புறப் படுத்திருந்த பெண்ணைப் பார்த்து, அதற்கப்புறம் வேறு எதையும் பார்க்கவில்லை.

ஜெசிந்தா நிமிர்ந்தாள். பயப்படவில்லை, மழைக்கு வருகிறவர்களைப் பார்த்துப் பழகிவிட்ட பிள்ளை. பென்சிலை நோட்டுக்கு நடுவில் வைத்து மூடிவிட்டு எழுந்து நின்றாள்.

“எந்த வீட்டுக்கு வந்தீங்க, மாமா?”

கஸ்பார் மூடிய கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

“வழி மாறி வந்துட்டீங்க போல. எங்க வீட்டுல கடல்ல போனவங்க யாரும் கெடையாது. எங்க அப்பா கடலுக்கே போக மாட்டாங்க, இந்தா நிக்காங்க பாருங்க.”

கஸ்பார் இன்னாசியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் இன்னாசிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“ஆமாம்மா,” என்றான் கஸ்பார். “வழி மாறிட்டேன்.”

“பரவால்ல மாமா. நான் தொடச்சி விடுதேன், நீங்க திரும்பப் போயி ஏறிக்கிடுங்க.”

ஓடிப் போய்க் கொடியில் இருந்து உலர்ந்த துண்டை உருவிக்கொண்டு வந்தாள், அவன் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்தாள், சொல்லிக்கொடுத்திருந்தபடியே பாதத்தில் இருந்து துடைக்கத் தொடங்கினாள். விரல் இடுக்கில் துடைத்தாள், குதிகாலில் துடைத்தாள். வலது பாதம் இல்லாமல் போனது, இடது பாதம் இல்லாமல் போனது. கஸ்பார் தடுக்கவில்லை. தன் பிள்ளையின் கை முதல் தடவையாகத் தன்மேல் படுகிறது என்று தலையைக் குனிந்து அவள் உச்சியைப் பார்த்துக்கொண்டு, கரைந்துகொண்டே, நின்றான். துண்டு கணுக்காலைத் தாண்டியது. அடுப்படிக் கதவுக்குப் பின்னால் இருந்து ஒரு சத்தம் வந்தது, அழுகையா மூச்சா என்று தெரியவில்லை. இன்னாசி பேசாமல் இருந்தால் போதும். இன்னும் கொஞ்ச நேரம், ஒரு பிள்ளை ஒரு ஆளைத் துடைத்து முடிக்கிற நேரம், சுவரோடு சுவராகச் சும்மா நின்றால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும், கஸ்பாரே ஒத்துக்கொண்டுவிட்டான்.

துண்டு முழங்காலுக்கு வந்தது.

“ஜெசி, தொடைக்காத,” என்றான் இன்னாசி.

“ஏம்ப்பா?”

“அவரு வழி மாறி வரல.” அடுப்படிக் கதவை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தொடர்ந்தான். “இது அவரு வீடுதாம்மா. நீ பொறக்கதுக்கு முன்னாலயே கடல்ல போயிட்டாரு. நீ அவரு புள்ள. அவருதான் ஒன் அப்பா. நாங்கதான் ஒங்கிட்டச் சொல்லாம வச்சிருந்தோம்.”

ஜெசிந்தா துண்டைப் பிடித்தபடி இருந்தாள். முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் அந்தரத்தில் நின்ற மனிதனை அண்ணாந்து பார்த்தாள், சுவரில் சாய்ந்து நின்ற மனிதனைத் திரும்பிப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள். வெளியே மழை வலுத்தது. பிறகு அவள் ஈரத் துண்டை இரண்டு கையாலும் முறுக்கி, பாதம் இருந்த இடத்தில் பிழிந்தாள். நாலு சொட்டு விழுந்தது. கட்டைவிரல் ஒன்று மட்டும் வந்தது. உதறிப் பார்த்தாள், மறுபடி முறுக்கினாள், இனி அதில் தண்ணீர் இல்லை.

“அப்பா,” என்றாள் தலையை நிமிர்த்தாமல், “சீக்கிரம் வாளியில தண்ணி புடிச்சிட்டு வாங்க.”

இரண்டு பேரும் அசைந்தார்கள். கால் இருந்தவன் வாளியை எடுத்துக்கொண்டு மழைக்குள் ஓடினான்.